கல்யாணக் குழாயில் வந்த உன் குரல்

உ
மயிலம் முருகன் துணை

செஞ்சி ரோடு, திண்டிவனம்
28-6-87, ஞாயிறு

அன்பு மகன் சீனுவாசனுக்கு அப்பா கோதண்டபாணி ஆசீர்வாதத்துடன் எழுதும் கடிதம். இங்கே நானும் உன் அம்மாவும் முருகன் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், மைக் செட் கடை ஆம்ப்ளிஃபயர் மட்டும் வழக்கம்போல வெயில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. உன் சுகத்தை மற்ற கடிதங்களில் கடமைக்குக் கேட்டிருப்பேன், இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன், நீ நன்றாக இருக்கிறாயா. பங்குனியில் ஒரு கடிதம் போட்டாய், அதற்குப் பிறகு ஒலக்கூர் நடராசன் கையில் கொடுத்தனுப்பிய துண்டுச் சீட்டைத் தவிர உன் எழுத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. தபால்காரர் இப்போதெல்லாம் நம் கடையைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார், பாவம், அவருக்கே சங்கடமாகிவிட்டது. நான் எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன் என்று உனக்குத் தெரியும், இந்தக் கடிதமும் அப்படித்தான் போகும், ஆனால் நடுவில் விட்டுவிடாதே, உட்கார்ந்து கடைசிவரை படி.

நடராசன் பஹ்ரைனிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே தைலம், சோப்பு, அம்மாவுக்குப் புடவை, மூன்று கேசட்டு எல்லாவற்றையும் பொறுப்பாகக் கொண்டுவந்து கொடுத்தான். சீட்டில் நீ எழுதியிருந்தாய், அப்பா, கறுப்பு அட்டை ராக், மஞ்சள் அட்டை ராப், நீல அட்டை பாப், மூன்றையும் கடையில் நானே உட்கார்ந்து காப்பி எடுத்தேன், கல்யாண வீட்டுக்கு எது ஆகும் என்று மட்டும் பார்க்காமல் பாட்டு பாட்டாகக் கேட்டுவிட்டு உங்கள் அபிப்பிராயத்தை எழுதுங்கள் என்று. பாட்டு விஷயத்தில் நீயும் நானும் சண்டை போடாத நாள் உண்டா, நீ பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அப்பா ட்ரெபிளைக் குறையுங்கள், காது கூசுகிறது என்று கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவில் என்னைத் திட்டியவன். பஹ்ரைனில் அந்தக் கேசட்டுக் கடைக்கு நீ வேலைக்குப் போனதும் முதல் மாதமே மெஷினில் உஸ் என்று சத்தம் வருகிறது என்று முதலாளியோடு வாதாடி டேப் உரசுகிற ஹெட்டை மாற்ற வைத்தாய் என்று எழுதியிருந்தாய், அதை நான் இங்கே எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டேன் தெரியுமா. அதனால் உன் கேசட்டைப் பற்றி ஒவ்வொன்றாக எழுதுகிறேன். அதற்கு முன்னால் வல்லம் பக்கத்துக் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும், அதனால்தான் இவற்றை நான் இத்தனை தடவை கேட்கும்படி ஆனது.

பாட்டெல்லாம் முடிந்த பிறகு பி பக்கத்தின் வாலில் மிச்சமிருக்கும் டேப்பில் அம்மாவோடு பேசி அனுப்புவது உன் வழக்கம். அவளும் புதுக் கேசட்டு வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, நீ அனுப்பிய டூ-இன்-ஒன் டேப்ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து, புரியாத பாட்டையெல்லாம் பொறுமையாக ஓடவிட்டு உன் குரலுக்காகக் காத்திருப்பாள். இந்தத் தடவை வைகாசிக் கடைசி முகூர்த்தம், நாலு ஊரில் மைக் செட், நடராசன் கேசட்டைக் கையில் வைத்ததும் அப்படியே பையில் போட்டுக்கொண்டு வேனில் ஏறிவிட்டேன். அம்மா கேட்டாள், நாளைக்குத் தருகிறேன் என்றேன். மைக் செட்காரன் கேசட்டின் வாலைக் கேட்க மாட்டான் என்பது நீ அறிந்ததுதான். குழாய் ஒரு நிமிஷம் ஊமையாகிவிட்டால் கரண்ட் போச்சா, சம்பந்திகளுக்குள் தகராறா, யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று நாலு பேர் எழுந்து வந்துவிடுவார்கள், அதனால் கடைசிப் பாட்டு ஓடும்போதே அடுத்ததை மாற்றிவிடுவேன். வாலில் நீ இருக்கிறாய் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

தாலி கட்டியாகிவிட்டது, முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது. இளவட்டங்கள் இங்கிலீஷ் பாட்டு கேட்டார்கள், நீல அட்டையைப் பி பக்கம் திருப்பிப் போட்டேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போது ஜெனரேட்டர் இழுக்க ஆரம்பித்தது, மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தேன். அது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்தால் குழாயில் சத்தமில்லை. பந்தலிலும் சத்தமில்லை. சாம்பார் வாளி பிடித்தவன் கரண்டியோடு நின்றுகொண்டிருக்கிறான், சாப்பிடுகிறவர்கள் கை இலையில் அப்படியே இருக்கிறது, பெண்ணின் தாய்மாமன் வெங்கடாசலம் என் டேப்ரெக்கார்டர் பக்கத்தில், கையெல்லாம் இடியாப்பம் பிழிந்த மாதிரி டேப்பைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பாட்டு முடிந்து கொஞ்ச நேரம் கழித்து உன் குரல் நாலு குழாயிலும் வந்திருக்கிறது. முதலில் மொய் அறிவிப்பு என்று நினைத்தார்களாம், பிறகு சீனு பேசுகிறான் என்று தெரிந்து ஊரே காது கொடுத்திருக்கிறது. நீ பேசிக்கொண்டே வந்து அழுதாயாம். கல்யாண வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கிறதே என்று வெங்கடாசலம் பதறி ஓடிப்போய், எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல், கேசட்டைப் பிடித்து இழுத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

என் மகன் என்ன சொன்னான் என்று அவரைத்தான் முதலில் கேட்டேன். அவர் என் தோளைப் பிடித்து, "மச்சான், சாப்ட்டுட்டுப் போங்க, எல்லாம் நல்லதா நடக்கும்" என்று சொல்லிவிட்டுப் பந்திப் பக்கம் போய்விட்டார். சமையல்கார சுப்பராயலு நம்மோடு எத்தனை கல்யாணத்துக்கு வந்தவன், அவன் சொல்வான் என்று அடுப்படிக்குப் போனேன். அவன் என்னைப் பார்த்ததும் அப்பளத்தைத் தீயவிட்டுவிட்டான். "அண்ணா, என்னைக் கேக்காதீங்க. அப்பாகிட்ட சொல்லிடாதன்னு புள்ள மொதல்லயே கேட்டுக்கினான். நாலு பேரு கேக்கச் சொன்னத நான் எப்படி மீர்றது" என்றான். பிறகுதான் புரிந்தது. நீ ஆரம்பத்திலேயே, அப்பாவுக்கு இது தெரியக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அந்த ஊர் அதை உன் அம்மாவுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை, தங்கள் ஒவ்வொருவருக்கும் சொன்னதாக எடுத்துக்கொண்டுவிட்டது. கைகழுவுகிற இடத்தில் கேட்டேன், மாட்டு வண்டிக்காரரிடம் கேட்டேன், ஏற்கெனவே குடித்திருந்த ஒருவனைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டேன், அவன்கூட வாயைத் திறக்கவில்லை. ஊர்வம்பு பேசாமல் ஒரு நாள் இருக்க முடியாத ஜனம், என் விஷயத்தில் மட்டும் சத்தியம் செய்துகொடுத்த மாதிரி நடந்துகொண்டார்கள். பெண்ணின் சித்தி சின்னபொண்ணுதான் கடைசியில் வேன் வரைக்கும் வந்து, ஒரு சீப்பு பழத்தை மடியில் வைத்துவிட்டு, "உங்க சம்சாரத்த அனுப்புங்க, அவங்க கேக்கறதுக்குத்தான புள்ள பேசிச்சு, அவங்ககிட்ட சொல்றோம். உங்ககிட்ட நாங்க சொன்னா அது பாவம்ங்க" என்றாள். ஊரார் வீட்டு நல்லது கெட்டதையெல்லாம் மைக்கில் சொல்லிப் பிழைக்கிறவன் நான். என் வீட்டு விஷயம் என் குழாயிலேயே ஊருக்குப் போய்விட்டது, கேட்காதவன் நான் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்து அந்த டேப்பை நகத்தால் நீவி, அறுந்த இடத்தை வெட்டி ஒட்டி, பென்சிலில் சுற்றி ஏற்றினேன். ஆரம்பம் நன்றாக இருக்கிறது, அம்மா நான் சீனு பேசுகிறேன், ஒன்று சொல்ல வேண்டும், அப்பாவிடம் சொல்லிவிடாதே என்கிற வரைக்கும். அதற்குப் பிறகு கசங்கிய இடம், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கிறது, அப்பா தாங்க மாட்டார் என்பது மட்டும் ஒரு இடத்தில் தெரிகிறது. அப்புறம் டேப் தெளிந்து கடைசியில், மல்லாட்டை உருண்டை பிடித்து நடராசனிடம் கொடுத்தனுப்பு அம்மா, இங்கே வேர்க்கடலை கிடைத்தாலும் உன் கைப்பக்குவம் வராது என்று முடிகிறது. ஊருக்கு நடுப்பகுதி தெரியும், எனக்குத் தலையும் வாலும் தெரியும். அப்பா தாங்க மாட்டார் என்பதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லையடா. என்னென்னவோ நினைத்தேன். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்களோ, போலீஸ் விவகாரமோ, அங்கேயே யாரையாவது கட்டிக்கொண்டாயோ, இல்லை ஆகாத வியாதியோ என்று. கட்டிக்கொண்டிருந்தால் பரவாயில்லை என்று பிள்ளையாருக்குத் தேங்காய்கூட வேண்டிக்கொண்டேன்.

சரி, பேச்சு கிடைக்கவில்லை, நீ பொறுக்கி எடுத்து அனுப்பிய பாட்டிலாவது உன் மனசு தெரியாதா என்று மூன்று கேசட்டையும் வீட்டில் வைத்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை கேட்டேன். நீ கேட்ட அபிப்பிராயம் இப்படித்தான் வந்து சேர்ந்தது. கறுப்பு அட்டையை முதலில் போட்டேன். போட்ட வேகத்தில் ஆம்ப்ளிஃபயர் எரிந்துவிட்டது என்று பதறி சுவிட்சை அணைத்தேன், பிறகுதான் அது டேப்ரெக்கார்டர், ஆம்ப்ளிஃபயரே இல்லை என்று நினைவு வந்தது. கிட்டார் சத்தத்தை வேண்டுமென்றே கிழித்துவிட்டிருக்கிறார்கள். எந்தக் கரகரப்பைப் போக்குவதற்கு நான் ஆயுசில் பாதியைச் செலவழித்தேனோ, அதை அவர்கள் ஆசையாக உண்டுபண்ணுகிறார்கள், இது என்ன நியாயம். முதல் நாள் திட்டினேன். இரண்டாம் நாள் மேளம் அடிக்கிறவனை மட்டும் கவனித்தேன், அவன் நல்ல கைக்காரன், நம் மாரியம்மன் கோயில் பம்பைக்காரனை அவனோடு உட்கார வைத்தால் விடியவிடிய இறங்க மாட்டார்கள். பாடுகிறவன் கத்துவது கோபத்தில் என்று நினைத்தேன், அது இல்லை, ஏரிக்கு அந்தக் கரையில் போகிற ஆளை இந்தக் கரையிலிருந்து கூப்பிடுகிற கத்தல் அது. பி பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று, ஒரு கிட்டாரும் ஒரு குரலும் மட்டும், கத்தி ஓய்ந்தவன் பாடுகிற மாதிரி. அதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டேன். என் மகனுக்கு ஏதோ ஆகிவிட்டது, கத்திப் பார்த்து யாரும் கேட்கவில்லை, ஓய்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் எனக்குப் பட்டது. பாட்டுக்கு மார்க் போடச் சொன்னால் நிறையப் போடுவேன். கல்யாணத்துக்கு ஆகாது, குழாய் கிழியும்.

மஞ்சள் அட்டை வேறு மாதிரி. இதில் ராகமே கிடையாது, பேசுகிறான். நடுநடுவே இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுக்கிறான், எனக்கு வயிறு எரிந்தது, நம் கடையில் பிளேட்டில் கைவைத்த பயலை நான் எப்படி விரட்டுவேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் சீனு, உள்ளதைச் சொல்கிறேன், குழாய்க்கென்றே செய்த பாட்டு இது. ஒலக்கூரில் ஒரு காதுகுத்துக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு எழுத்துக்கூட மழுங்காமல் களத்துமேடு வரைக்கும் போகிறது. அங்கே ஒரு பெரியவர் துண்டை உதறிக்கொண்டு வந்து, "எந்தக் கட்சிக் கூட்டம்பா, இன்னாத்துக்கு இம்மாம் கோவமா பேசிக்கினு இருக்காரு" என்றார். அவர் கேட்டது தப்பில்லை. மல்லாட்டை மண்டியில் ஏலம் விடுகிறவனின் வேகம், வாய்க்கால் தகராறில் நியாயம் கேட்கிறவனின் சூடு, இரண்டும் இவனிடம் இருக்கிறது. எங்கே மூச்சு விடுகிறான் என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. மொழி தெரியாவிட்டாலும் யாரோ இவனுக்கு அநியாயம் செய்துவிட்டார்கள் என்பது தெரிகிறது. உடனே எனக்கு உன் முதலாளி ஞாபகம் வந்து, சம்பளம் கொடுக்காமல் அடித்தும்விட்டானோ என்று அன்றைக்கெல்லாம் அதே கவலை. உன் அம்மாவுக்கு இந்தக் கேசட்டு என்றாலே பயம், வீட்டில் விளக்கு வைக்கிற இடத்தில் இப்படி ஒருத்தன் திட்டலாமா என்று அதைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டாள்.

நீல அட்டைதான் ஊர் அறிந்தது. பெண் நன்றாகப் பாடுகிறாள், சர்க்கரை கொஞ்சம் கூடுதல். மேளம் மெஷின் என்று கேட்டதும் தெரிந்துவிட்டது, மனுஷன் அடித்தால் உற்சாகத்தில் ஓரிடத்தில் வேகம் ஏறும், சோர்ந்தால் இறங்கும், இது ஆரம்பித்த நிமிஷம் மாதிரியே முடிகிற நிமிஷமும் இருக்கிறது. பெண்ணழைப்பில் பையன்கள் ஆட இதைவிட நல்லது கிடையாது, நம் மெயின் கேசட்டாகவே இதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இப்போது அதைப் போட்டால் கடைசிப் பாட்டு வருவதற்கு முன்பே ஓடிப்போய் நிறுத்திவிடுகிறேன், அதனால் வேனில் எடுத்துப்போவதில்லை.

இதெல்லாம் கேட்கும்போதே ஒரு விஷயம் எனக்கு எரிச்சலாக இருந்தது. டூ-இன்-ஒன்னில் வலது பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடுகிறது, இடது பக்கம் செத்துக் கிடக்கிறது. குழாயில் போட்டபோது தெரியவில்லை, ஆம்ப்ளிஃபயரில் இரண்டையும் சேர்த்துத்தானே விடுகிறோம். செட்டில் கோளாறு என்று ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், ஒயரைப் பிரித்துப் பற்றவைத்தேன், சரியாகவில்லை. பஸ்ஸில் தூக்கிக்கொண்டு விழுப்புரம் போய் ஸ்டேஷன் பக்கத்து ரிப்பேர்க்கடை பெரியசாமியிடம் கொடுத்தேன். அவர் தன் கேசட்டு ஒன்றைப் போட்டார், இரண்டு பக்கமும் கணீரென்று பாடியது. நீ போன வருஷம் அனுப்பியதைப் போட்டார், அதுவும் பாடியது. இந்த மூன்றையும் போட்டார், மூன்றிலும் இடது பக்கம் ஒன்றுமே இல்லை. "செட்டு ஜோரா இருக்குதுங்க, காப்பி எடுத்தவன்தான் ஒரு பக்கத்த உட்டுட்டான்" என்று சிரித்தார். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். உஸ் சத்தத்துக்கு முதலாளியோடு சண்டை போட்டவன், அப்பாவுக்கென்று தானே உட்கார்ந்து எடுத்த காப்பியில் பாதிப் பாட்டைக் கோட்டை விடுவானா, ஹெட்ஃபோன் மாட்டித்தானே எடுத்திருப்பான், இடது காதில் ஒன்றும் வரவில்லை என்று தெரிந்திருக்காதா என்று. திட்டினேனே தவிர அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அதற்குள் உன் அம்மா வல்லம் போய் வந்துவிட்டாள். தனியாக பஸ் ஏறாதவள், செஞ்சியில் இறங்கி மாறிப் போய், சின்னபொண்ணு வீட்டில் பகல் முழுக்க இருந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினாள். முகம் வீங்கியிருந்தது. என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கானாம், உருண்டை கேட்டுக்கினு இருந்தானாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். உருண்டை கேட்டது எனக்கு மட்டும்தானே தெரியும், ஊருக்குத் தெரியாதே, நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்கிறாள். நான் வற்புறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். உள்ளே நீலக் கேசட்டு ஓடுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். உன் அம்மா பெட்டி முன்னால் உட்கார்ந்து, இடது உள்ளங்கையால் இடது காதை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தாள், மறுபடி மூடினாள். நான் சத்தம் போடாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பிவிட்டேன்.

சீனு, உன் இடது காது கேட்கவில்லை, அதுதானே. அது கேட்காததால்தான் ஹெட்ஃபோனில் அந்தப் பக்கம் பாட்டு வரவில்லை என்பதே உனக்குத் தெரியவில்லை. கடைக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மூன்று கேசட்டு, ஆறு பக்கம், அத்தனை பாட்டையும் பாதிதான் கேட்கிறோம் என்று தெரியாமல் அப்பாவுக்கென்று கேட்டுக் கேட்டு எடுத்திருக்கிறாயே என்று நினைக்க நினைக்கத் தாங்கவில்லை. நீ சொன்னது சரிதான், அப்பா தாங்கவில்லை. ஆனால் செத்துப்போகவும் இல்லை, மறுநாள் மேல்பேட்டைக்கு மைக் செட் கொண்டுபோனேன். இன்று காலையில் பேனாவை எடுத்ததும் உன் அம்மா வந்து, எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது காதில் எண்ணெய் விட வேண்டாம் என்று எழுதுங்கள் என்றாள். நீ ஊரை விட்டுப் போன நாள் முதல் ஒவ்வொரு கடிதத்திலும், காதில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக்கொள்ள மறக்காதே என்று எழுதச் சொன்னவள் அவள். நான் தலையை நிமிர்த்தாமல் சரி என்றேன். எழுதிவிட்டேன்.

இனி எனக்குப் பதில் சொல். காய்ச்சலில் வந்ததா, கடலில் குளித்துத் தண்ணீர் புகுந்ததா, இல்லை யாராவது கைவைத்தார்களா. கைவைத்திருந்தால் அதையும் மறைக்காதே. சுத்தமாகக் கேட்கவில்லையா, இரைச்சல் மாதிரி ஏதாவது கேட்கிறதா. வலி உண்டா. மற்ற காது எப்படி இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிய பயம், அதற்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள், ஹெட்ஃபோன் சத்தத்தைப் பாதியாகக் குறை. டாக்டரிடம் காட்டினாயா, காட்டியிருந்தால் அவர் என்ன சொன்னார், சரியாகும் என்றாரா ஆகாது என்றாரா, அவர் சொன்னபடியே சொல், எனக்காக மாற்றாதே. இன்னொரு கவலை. அங்கே வண்டிகள் நம் ஊருக்கு எதிர்ப்பக்கமாக ஓடும் என்று நீதான் முன்பு எழுதினாய். அப்படியென்றால் ரோட்டைக் கடக்கக் கால் வைத்ததும் இடது பக்கமிருந்துதான் முதலில் வண்டி வரும். அந்தப் பக்கம் ஹாரன் உனக்குக் கேட்காது. நாலு பேர் கடக்கும்போது சேர்ந்து கட, தனியாக ஓடாதே, கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கால் எடு. இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

வேலை போய்விடும் என்றுதான் முதலாளிக்கும் தெரியாமல் மறைக்கிறாய் என்று நினைக்கிறேன். போனால் போகட்டும். மெட்ராஸில் காதுக்கென்றே டாக்டர்கள் இருக்கிறார்கள், இங்கே வந்து காட்டலாம். வந்துவிட்டுத் திரும்பிப் போக மனசிருந்தால் போ, இல்லையென்றால் இரு. அப்பாவின் தொழில் காதுத் தொழில், இனி நமக்கு அது ஆகாது என்று நினைத்துத்தானே அழுதாய். மடையா, நம் குழாய்க்கு என்றைக்கடா இடது வலது இருந்தது. பனைமரத்தில் கிழக்கே ஒன்று மேற்கே ஒன்று கட்டுகிறோம், இரண்டிலும் ஒரே பாட்டுதான் வருகிறது, இந்தத் தாலுகாவில் இதுவரை ஒருவனும் எங்கே இன்னொரு பக்கம் என்று என்னிடம் கேட்டதில்லை. நீ அனுப்பிய அரைப் பாட்டுக்குத்தான் அன்றைக்கு அந்தப் பந்தலே ஆடியது. நானும் கையால் ஒரு காதை மூடிக்கொண்டு மூன்றையும் கேட்டுப் பார்த்துவிட்டேன். கறுப்பு அட்டையில் அந்த மூன்றாவது பாட்டு ஒரு காதில் கேட்டாலும் அதே பாட்டுதான், கொஞ்சமும் குறையவில்லை.

அம்மா மல்லாட்டை உருண்டை பிடித்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள், நடராசன் லீவு முடிந்து கிளம்பும்போது கொண்டுவருவான், இந்தக் கடிதத்தையும் அவன் கையிலேயே கொடுக்கிறேன். கூடவே மஞ்சள் கேசட்டும் வருகிறது. அதன் வாலில் இடம் இருக்கிறது, எனக்குச் சொல்ல வேண்டியதை அதில் பேசி அனுப்பு. நீலத்தில் பேசாதே, கறுப்பிலும் வேண்டாம். மஞ்சளை மட்டும் உன் அம்மா தொடமாட்டாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம். ஊரே காப்பாற்றிய உன் வார்த்தையை அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றி வருகிறாள், அதை நான் கெடுக்கக் கூடாது. நீ நேரில் வந்து இறங்கி, நீயே எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல், அதுவரைக்கும் நான் ஒன்றும் தெரியாதவனாகவே இருக்கிறேன், அது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

முருகன் உன்னோடு இருந்து, இருக்கிற காதையும் உன்னையும் காப்பாற்றட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. ரோட்டில் கழுத்தைத் திருப்பிப் பார்க்க மறக்காதே.

இப்படிக்கு,
இனி எப்போதும் உன் வலது பக்கம் வந்து நின்று பேசப்போகிற அப்பா,
கோதண்டபாணி